6 புள்ளிகளைத் தந்த லூயி பிரெய்லி... ஆனால் புத்தகங்கள் எல்லையில் நின்றது ஏன்? காப்புரிமைச் சட்டம் போட்ட பூட்டும், அது திறந்த கதையும்!

ஜனவரி 4. உலக பிரெய்லி தினம். 2018-ல் ஐ.நா. பொதுச்சபை எடுத்த முடிவின்படி, 2019 முதல் ஒவ்வொரு வருஷமும் இந்த நாள் அனுசரிக்கப்படுகிறது. அன்றுதான் லூயி பிரெய்லியின் பிறந்தநாள். அவருடைய 200-வது பிறந்த ஆண்டான 2009-ல் இந்திய அரசு அவர் முகம் பதித்த 2 ரூபாய் நாணயத்தை வெளியிட்டது. யாரென்று கவனிக்காமலேயே அந்த நாணயத்தைக் கொடுத்து நம்மில் பலர் டீ குடித்திருப்போம்.

பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் பாடத்திலேயே அவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். அந்த எழுத்து பிறந்து கிட்டத்தட்ட 200 வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும், உலகத்தில் வெளியாகும் புத்தகங்களில் பார்வையற்றவர்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு வருவது 10 சதவீதத்துக்கும் குறைவுதான் என்று உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் பல வருஷமாகச் சொல்லிவருகிறது. இதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்: புத்தகப் பஞ்சம்.

எழுத்து இருக்கு, படிக்க ஆள் இருக்கு. அப்புறம் ஏன் புத்தகம் இல்லை? அதற்கான காரணங்களில் முக்கியமானது காப்புரிமைச் சட்டம். லூயியின் வாழ்க்கையிலிருந்து தொடங்கினால் இந்தச் சிக்கல் சுலபமாகப் புரியும்.

அப்பாவின் பட்டறையில் நடந்த விபத்து

பாரிஸ் நகருக்குக் கிழக்கே இருக்கும் கூவ்ரே என்ற சின்ன ஊரில் 1809 ஜனவரி 4-ம் தேதி லூயி பிறந்தான். வீட்டில் நான்கு பிள்ளைகள், அவன்தான் கடைக்குட்டி. அப்பா சிமோன் ரெனே குதிரைச் சேணம் செய்பவர். வீட்டை ஒட்டியே பட்டறை. தோல், கத்தி, குத்தூசி எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில்.

மூன்று வயதில் அப்பா மாதிரியே தோலில் துளை போட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது, கருவி நழுவி லூயியின் கண்ணில் குத்தியது. கிருமித்தொற்றை நிறுத்த அன்றைக்கு மருந்து இல்லை. தொற்று அடுத்த கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணிலும் பார்வை முழுசாகப் போச்சு.

அந்தக் காலத்தில் பார்வையில்லாத ஏழைக் குழந்தைக்குப் பெரும்பாலும் காத்திருந்தது பிச்சைப் பாத்திரம்தான். லூயியின் குடும்பம் அப்படி விடவில்லை. கைத்தடி பிடித்து நடக்கப் பழக்கினார்கள். ஊர்ப் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் சேர்ந்து மற்ற பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார வைத்தார்கள். காதால் கேட்டே பாடத்தில் முன்னால் நின்றான் லூயி. 1819-ல், 10 வயதில், பாரிஸில் இருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தது.

தடவிப் பார்க்க மட்டும் முடிந்த புத்தகங்கள்

வாலந்தீன் ஆவி என்பவர் தொடங்கிய பள்ளி அது. பார்வையற்றவர்களுக்கு என்றே உலகத்தில் உருவான முதல் பள்ளிகளில் ஒன்று. ஆனால் லூயி சேர்ந்தபோது அது இயங்கியது பழைய, ஈரம் படிந்த ஒரு கட்டடத்தில். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சிறையாகவும் இருந்த கட்டடம். பின்னாளில் லூயியின் உயிரைப் பறித்த காசநோய்க்கு அந்த ஈரமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அங்கே புத்தகங்கள் இருந்தன. எப்படின்னா, சாதாரண பிரெஞ்சு எழுத்துகளையே பெரிதாக்கி, காகிதத்தில் புடைக்கும்படி அழுத்தி அச்சடித்த புத்தகங்கள். ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் கோட்டையும் விரலால் தடவி, அது என்ன எழுத்து என்று கண்டுபிடித்து, அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். புத்தகத்தைத் தூக்குவதே பெரிய வேலை. எண்ணிக்கையும் சொற்பம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்த எழுத்தை மாணவர்கள் தாங்களாகவே எழுத முடியாது. யாரோ அச்சடித்துத் தந்ததைத் தடவலாம், அவ்வளவுதான். பார்வையுள்ளவர்களின் கண்ணுக்குப் பிடித்த எழுத்தை அப்படியே விரலுக்கு மாற்றியதுதான் இங்கே நடந்த தப்பு.

12 புள்ளி 6 ஆனது எப்படி?

1821-ல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி, தான் கண்டுபிடித்த ஓர் எழுத்துமுறையைப் பள்ளியிடம் கொண்டுவந்தார். காகிதத்தில் ஊசியால் குத்திய புள்ளிகள்தான் எழுத்து. போர்க்களத்தில் விளக்கு ஏற்றாமல் செய்தி படிப்பதற்காக உருவானது என்று பரவலாகச் சொல்லப்படும் முறை இதுதான்.

புள்ளி விரலுக்குச் சட்டென்று புரியும். தாங்களே எழுதவும் முடியும். மாணவர்களுக்கு உற்சாகம். ஆனால் பார்பியே முறையில் ஒரு குறியீட்டுக்கு 12 புள்ளிகள் வரை போகும். ஒரு விரல்நுனியில் அது அடங்காது. மேலும் அது ஒலியை மட்டும்தான் குறிக்கும். எழுத்துக்கூட்டல் கிடையாது, நிறுத்தற்குறி கிடையாது. செய்தி அனுப்பப் போதும், படிப்புக்குப் போதாது.

லூயி அந்த முறையைப் பிரித்துப் போட்டு ஆராயத் தொடங்கினான். பகலில் வகுப்பு, இரவிலும் விடுமுறையிலும் புள்ளி வேலை. 1824-ல், 15 வயதில், தன் முறைக்கு உருவம் கொடுத்துவிட்டான். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி, மொத்தம் 6. விரலை நகர்த்தாமலே ஒரு தொடுதலில் ஓர் எழுத்து. இந்த 6 இடங்களில் எந்தெந்தப் புள்ளி புடைத்திருக்கிறது என்பதை வைத்து 63 குறியீடுகள் கிடைக்கும். எழுத்து, எண், நிறுத்தற்குறி, இசைக்குறிப்பு என எல்லாவற்றையும் இதில் அடக்கலாம்.

கண்ணைப் பறித்தது தோலைக் குத்தும் ஒரு கருவி. காகிதத்தைக் குத்தும் ஒரு கருவியை வைத்தே லூயி படிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை

1829-ல் தன் முறையை விளக்கி லூயி பிரெய்லி ஒரு நூலை வெளியிட்டார். பார்பியேவிடமிருந்து எடுத்துக்கொண்டதை அதில் மறைக்காமல் சொன்னார். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த நூல் பிரெய்லியில் அச்சாகவில்லை, பழைய புடைப்பு எழுத்தில்தான் அச்சானது. புள்ளி எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 1837-ல் வந்தது. மூன்று தொகுதிகளில் பிரான்ஸ் நாட்டு வரலாறு. அச்சடித்தது அதே பள்ளி.

இதற்குள் லூயி அங்கேயே ஆசிரியர் ஆகிவிட்டார். இலக்கணம், கணக்கு, இசை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். பார்வையுள்ளவர்களுக்குக் கடிதம் எழுத வசதியாக, சாதாரண எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் வரையும் இன்னொரு முறையையும் 1839-ல் வெளியிட்டார்.

மாணவர்கள் ஒருவர் வாசிக்க இன்னொருவர் புள்ளி குத்தி, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே நகலெடுத்துக்கொண்டார்கள். அதாவது, பார்வையற்றவர்களின் முதல் நூலகம் நகலெடுத்துதான் உருவானது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதல் தடை பள்ளிக்குள்ளேயே!

லூயிக்கு ஆதரவாக இருந்த பள்ளி இயக்குநர் பீஞ்யே 1840-ல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த துய்ஃபோவுக்குப் புள்ளி எழுத்து பிடிக்கவில்லை. பார்வையுள்ளவர்கள் படிக்கும் எழுத்தைத்தான் பார்வையற்றவர்களும் படிக்க வேண்டும், தனி எழுத்து வந்தால் இரண்டு உலகமாகப் பிரிந்துவிடும் என்ற வாதம் அன்று பலரிடம் இருந்தது. கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அதைத் தினமும் தடவிப் படிக்க வேண்டியவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

வகுப்பறையிலிருந்து பிரெய்லி விலக்கப்பட்டது. மாணவர்கள் விடவில்லை, ரகசியமாக எழுதினார்கள். அவர்களின் பிடிவாதமும் துணை இயக்குநர் குவாதேயின் ஆதரவும் சேர்ந்து துய்ஃபோவின் மனதை மாற்றின. 1844 பிப்ரவரியில் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழா மேடையிலேயே பிரெய்லி முறை எல்லோர் முன்பும் விளக்கப்பட்டது.

லூயியின் உடல்நிலை அதற்கு முன்பே கெட்டிருந்தது. 1852 ஜனவரி 6-ம் தேதி, 43-வது பிறந்தநாள் முடிந்து இரண்டே நாளில், காசநோயால் இறந்தார். அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1854-ல்தான் பிரான்ஸ் அவருடைய எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது.

ஊருக்கு ஒரு பிரெய்லி... தமிழுக்கு எது?

அதன்பிறகு பிரச்னை வேறு வடிவத்தில் வந்தது. 1878-ல் பாரிஸில் நடந்த சர்வதேச மாநாடு பிரெய்லி முறைக்கு ஆதரவு தெரிவித்தது. ஆனாலும் அமெரிக்காவில் மட்டும் பல புள்ளி முறைகள் போட்டி போட்டன. அமெரிக்காவும் பிரிட்டனும் ஆங்கிலத்துக்கு ஒரே பிரெய்லி என்று ஒப்புக்கொள்ள 1932 ஆகிவிட்டது. அதுவரை ஒரே மொழிப் புத்தகத்தை ஒரு நாட்டில் படித்தவர் இன்னொரு நாட்டில் படிக்கத் திணற வேண்டியிருந்தது.

இந்தியாவிலும் இதே கதைதான். பல பள்ளிகளில் பல முறைகள். யுனெஸ்கோவின் உதவியோடு 1951-ல் பாரதி பிரெய்லி என்ற பொதுமுறை உருவானது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒலி அடிப்படையில் ஒரே அட்டவணை. தமிழ் அ-வுக்கு 1-ம் புள்ளி. அதுதான் ஆங்கில ‘ஏ’ எழுத்துக்கும். ம-வுக்கு 1, 3, 4. அதேதான் ஆங்கில ‘எம்’ எழுத்துக்கும். ‘மி’ எழுத ம போட்டுப் பக்கத்தில் இ போட வேண்டும், அவ்வளவுதான். 15 வயதுப் பையன் பிரெஞ்சுக்காகச் செய்த கட்டத்துக்குள் நம்ம ழ-வும் வந்து உட்கார்ந்துவிட்டது.

எழுத்துச் சிக்கல் தீர்ந்தது. அடுத்த சிக்கல் சட்டத்தில் இருந்தது.

காப்புரிமை எல்லை தாண்டும், சலுகை தாண்டாது!

ஒரு புத்தகத்தை பிரெய்லிக்கு மாற்றுவது சட்டத்தின் பார்வையில் என்ன? நகலெடுப்பது. நகலெடுக்கும் உரிமை எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும்தான். ஆகவே அனுமதி வாங்க வேண்டும். எழுத்தாளர் இறந்து இந்தியாவில் 60 வருஷம், ஐரோப்பிய நாடுகளில் 70 வருஷம் வரை இந்த உரிமை நீடிக்கும். லூயியின் மாணவர்கள் ஒருவர் வாசிக்க ஒருவர் குத்திய அதே வேலைக்கு, இப்போது கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

இது நியாயமில்லை என்று உணர்ந்த பல நாடுகள், பார்வையற்றவர்களுக்காக நகலெடுக்க அனுமதி தேவையில்லை என்று தங்கள் சட்டத்திலேயே விலக்கு கொடுத்தன. அமெரிக்கா 1996-ல் அப்படி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் எல்லா நாடுகளும் கொடுக்கவில்லை. கொடுத்த நாடுகளின் விலக்கும் அந்தந்த நாட்டு எல்லைக்குள்தான் செல்லும்.

இங்கேதான் முரண்பாடு. லூயி இறந்து 34 வருஷம் கழித்து, 1886-ல் பெர்ன் ஒப்பந்தம் வந்தது. ஒரு நாட்டுப் புத்தகத்தின் காப்புரிமையை மற்ற உறுப்பு நாடுகளும் மதிக்க வேண்டும் என்கிற ஒப்பந்தம். அதன்படி எழுத்தாளரின் உரிமை எல்லை தாண்டிப் போகும். பார்வையற்ற வாசகருக்கான விலக்கு மட்டும் எல்லையிலேயே நின்றுவிடும். ஒரு நாட்டில் சட்டப்படி தயாரான பிரெய்லி புத்தகம், அடுத்த நாட்டுக்குப் போனால் சட்டவிரோத நகலாகிவிடலாம்.

இதன் விளைவு என்ன? உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் அடிக்கடி சொன்ன உதாரணம் ஹாரி பாட்டர் இரண்டாம் பாகம். ஒரே ஆங்கிலப் புத்தகம். ஆனால் ஆங்கிலம் பேசும் நாடுகளில் அதற்கு 5 பிரெய்லி பதிப்புகளையும், 8 டெய்சி ஒலிப் பதிப்புகளையும் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டி வந்தது. ஒன்று செய்து பகிர்ந்திருந்தால், மிச்சமான பணத்தில் வேறு புத்தகங்கள் செய்திருக்கலாம்.

ஸ்பானிஷ் மொழியிலும் இதே நிலைதான். ஸ்பெயினின் பார்வையற்றோர் அமைப்பான ஓன்சேயிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள் இருந்தன. அதே மொழி பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளின் நூலகங்களில் சொற்பமே. கொடுக்க ஸ்பெயினிடம் இருந்தது, ஆனால் கொடுக்கச் சட்டம் இல்லை. அமெரிக்காவின் புக்‌ஷேர் இணைய நூலகமும், பதிப்பாளர் தனியாக அனுமதி தந்த புத்தகங்களை மட்டுமே வெளிநாட்டு வாசகர்களுக்குக் கொடுத்துவந்தது.

பிரெய்லி புத்தகம் தயாரிப்பது சின்ன வேலை இல்லை. ஒரு பெரிய பக்கத்திலேயே சுமார் 25 வரி, வரிக்கு 40 கட்டம்தான் அடங்கும். ஒரு நாவல் பல தடித்த தொகுதிகளாக விரியும். அதை ஒவ்வொரு நாடும் முதலிலிருந்து செய்வது என்றால் யோசித்துப் பாருங்கள்.

மராகேஷ் ஒப்பந்தம் என்ன செய்தது?

உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் தயாரித்த வரைவை, 2009-ல் பிரேசில், ஈக்வடார், பராகுவே நாடுகள் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் முன் வைத்தன. பதிப்பாளர் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. இன்று பார்வையற்றவர்களுக்கு விலக்கு கொடுத்தால், நாளை வேறு தரப்பும் கேட்கும் என்ற பயம். பார்வையற்ற இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர் 2010-ல் அந்த அமைப்பின் கூட்டத்துக்கே நேரில் வந்து ஆதரவு கேட்டார்.

கடைசியில் 2013 ஜூன் 27-ம் தேதி, மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஒப்பந்தம் நிறைவேறியது. அதன் சாரம் இதுதான்:

* உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் பார்வையற்றவர்களுக்கான விலக்கைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். பிரெய்லி, பெரிய எழுத்து அச்சு, ஒலிப்புத்தகம், மின்னூல் எல்லாம் இதில் அடங்கும்.

* ஒரு நாட்டில் அப்படித் தயாரான பிரதியை, அங்கீகாரம் பெற்ற நூலகங்களும் அமைப்புகளும் இன்னொரு உறுப்பு நாட்டுக்கு அனுப்பலாம். அங்கே இறக்குமதி செய்துகொள்ளவும் செய்யலாம்.

* பார்வையற்றவர்கள் மட்டுமல்ல, வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள், உடல் காரணத்தால் புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாதவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

காப்புரிமைக்காக எழுதப்பட்ட ஒப்பந்தங்களுக்கு நடுவே, வாசகருக்காக எழுதப்பட்ட ஒப்பந்தம் இது. இதை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு எது தெரியுமா? இந்தியா. 2014 ஜூன் மாதம். 20-வது நாடாக கனடா இணைந்த பிறகு, 2016 செப்டம்பர் 30 முதல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. லூயியின் பிரான்ஸ் அடங்கிய ஐரோப்பிய யூனியன் 2018-லும், அமெரிக்கா 2019-லும்தான் உறுதி செய்தன.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியா முந்திக்கொள்ள ஒரு காரணம், 2012-லேயே நம் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக ஒரு புத்தகத்தை அவர்களுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவது இங்கே காப்புரிமை மீறல் இல்லை. தனிநபரும் செய்யலாம், அவர்களுக்காக இயங்கும் அமைப்பும் செய்யலாம். அமைப்புகளுக்கு நிபந்தனை உண்டு. லாபம் பார்க்கக் கூடாது, தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கலாம், பிரதி பொதுச் சந்தைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2016-ல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் தொடங்கப்பட்டது.

தமிழுக்கு இதில் தனி முக்கியத்துவம் இருக்கு. தமிழ் வாசகர்கள் ஒரே நாட்டில் இல்லை. சிங்கப்பூரும் இலங்கையும் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கின்றன. சென்னையில் ஒரு நாவல் பிரெய்லியாகவோ ஒலிப்புத்தகமாகவோ தயாரானால், அதை யாழ்ப்பாணத்து வாசகருக்கு அனுப்ப இப்போது சட்டத்தில் வழி இருக்கிறது. பாரதியார் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருப்பதால், அவற்றை மாற்ற இங்கே யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம்.

அப்போ பஞ்சம் தீர்ந்ததா?

இல்லை. பூட்டைத் திறந்தாச்சு, ஆனால் உள்ளே அலமாரி நிறையவில்லை. சட்டம் அனுமதி தரும், புத்தகத்தைத் தட்டச்சு செய்து தராது. அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, பிரெய்லியாக மாற்ற ஆளும் நேரமும் பணமும் வேண்டும். பதிப்பாளர்கள் முதலிலேயே எல்லோரும் படிக்கும் வகையில் மின்னூலாகக் கொடுத்தால் இந்த இரட்டை வேலையே இருக்காது. இன்னொரு விஷயம், அந்த வடிவம் கடையில் நியாயமான முறையில் கிடைத்தால் விலக்கு கிடையாது என்று நிபந்தனை போட, ஒப்பந்தம் நாடுகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அப்படி நிபந்தனை போட்ட நாட்டில், கடையில் கிடைக்கிறதா இல்லையா என்று தேடி உறுதி செய்யும் வேலை நூலகத்தின் தலையில் விழும்.

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் ஒருவருக்கு, புத்தகம் ஆறு மாசம் தாமதமாகக் கிடைப்பதும் கிடைக்காமலே போவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேர்வு முடிந்திருக்கும்.

லூயியின் கதையில் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம். படிக்கும் திறமை விரலில் எப்போதும் இருந்தது. அனுமதிதான் இல்லை. முதலில் பள்ளி இயக்குநர் தரவில்லை, அப்புறம் போட்டி முறைகள் விடவில்லை, அதற்கும் அப்புறம் சட்டம் எல்லையில் நிறுத்தியது.

1952-ல், அவர் இறந்து 100 வருஷம் ஆனபோது, பிரான்ஸ் அவருடைய உடலைத் தோண்டி எடுத்து, நாட்டின் மாமனிதர்கள் உறங்கும் பாரிஸின் பாந்தியோனில் அரசு மரியாதையோடு வைத்தது. அந்த நிகழ்வுக்கு ஹெலன் கெல்லரும் வந்திருந்தார். ஆனால் கூவ்ரே ஊர் மக்கள் ஒன்றை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். உலகத்துக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்த அந்தக் கைகள் இன்றும் அவர் பிறந்த ஊரின் கல்லறையில்தான் இருக்கின்றன.